கூப்பிடுவதே கட்டிப்போடத்தானா?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு ஐந்து மாதம். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் அடம்பிடித்ததால் வாங்கினோம். இப்போது அவனுக்கு டியூஷனுக்கே நேரம் சரியாக இருக்கிறது. அடிக்காமல் தின்பண்டம் கொடுத்தே பழக்குகிறேன். வீட்டுக்குள் பிஸ்கட்டைக் காட்டினால் உட்காருகிறது. வெளியில் ‘வா’ என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் கூப்பிட்டுக் கட்டிப்போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பகலெல்லாம் வீட்டிலிருக்கும் மாமனார், இரண்டு அடி போட்டால் வரும் என்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகி, விருதுநகர்

பதில்: கூப்பிட்டுக் கட்டிப்போடுகிறேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நீங்கள் அழைக்கிறீர்கள், அது நம்பி வருகிறது, கழுத்தில் சங்கிலி விழுகிறது, மாலை வரை அவிழ்ப்பார் இல்லை. ஒரு செயலின் பலன் இனிதாக இருந்தால் உயிர்கள் அதை மீண்டும் செய்யும், கசந்தால் கைவிடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இலேயே பூனைகளை வைத்துச் செய்த சோதனைகளில் காட்டினார். உங்கள் குட்டி பாடத்தைச் சரியாகவே படித்திருக்கிறது. தவறான பாடத்தை நடத்தியவர் நீங்கள்.

முதலில், கட்டுவதற்காக அதை ஒருபோதும் அழைக்காதீர்கள். நீங்களே அதனிடம் நடந்து சென்று கழுத்துப்பட்டையைப் பிடித்து, கட்டும் இடத்திலேயே காலை உணவை வையுங்கள். ‘வா’ என்ற அழைப்பு கெட்டுவிட்டதால் அதை விட்டுவிட்டு, ஒரு புதிய சொல்லையோ விசில் ஒலியையோ தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குள் இரண்டடி தூரத்திலிருந்து அழைத்து, அது வந்து சேர்ந்த நொடியிலேயே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை, பட்டாணி அளவுக்கு, கொடுத்துவிட்டு, மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். வந்தாலும் சுதந்திரம் பறிபோகாது என்பது அதற்கு உறைக்க வேண்டும். சர்க்கரை சேர்ந்த பிஸ்கட் இனி வேண்டாம். தின்பண்டத்தை முன்னால் காட்டி அழைப்பதும் வேண்டாம், ஏனென்றால் காட்டினால்தான் உட்காரும் நாய், கை வெறுமையாக இருக்கும் நாளில் உங்களை மதிக்காது. செய்த பிறகே சட்டைப்பையிலிருந்து எடுங்கள்.

வீட்டுக்குள் தவறாமல் வந்த பிறகு முற்றம், அதன் பின் பத்து மீட்டர்க் கயிறு கட்டித் திறந்தவெளி என்று படிப்படியாகப் போங்கள். தூரத்தைக் கூட்டும் நாளில் கவனத்தைச் சிதறடிக்கும் ஆடு, கோழி, பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால் முந்தைய படிக்கு இறங்குங்கள். ஒரு வேளைக்கு மூன்று நிமிடம் போதும். நன்றாகப் பழகிய பிறகு தின்பண்டத்தைச் சில முறை கொடுத்துச் சில முறை விடலாம். பாராட்டை மட்டும் ஒருமுறையும் விடக் கூடாது. சிப்பிப்பாறை முயலைத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம், ஓடும் எதையும் கண்டால் அதன் காது அடைத்துவிடும். எவ்வளவு பழக்கினாலும் வண்டிகள் போகும் தெருவில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

அடி பற்றி: அடித்தால் அது வராது, அடிக்கும் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கத்தான் கற்றுக்கொள்ளும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2021-இல் எல்லா நாய்களுக்கும் பரிசளித்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்தது. ஆனால், மாமனாரைக் குறை சொல்லும் முன் உங்களைக் கேட்கிறேன்: பெரியவர் ஒருவர் பகலெல்லாம் வீட்டில் இருக்கும்போது அந்தக் குட்டி எதற்காகச் சங்கிலியில் கிடக்கிறது? அதைப் பழக்கும் பொறுப்பை என்றாவது அவரிடம் மரியாதையாகக் கேட்டு ஒப்படைத்தீர்களா? கேட்கப்படாத பெரியவர் திண்ணையிலிருந்து யோசனைதான் சொல்வார். கோழித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்து, “மாமா, அழைத்தால் வரும்படி இதை நீங்கள்தான் பழக்கித் தர வேண்டும்” என்று கேளுங்கள்.

மகன் விஷயத்தில் உங்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. அடம்பிடித்து ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவந்தவனை, டியூஷன் என்ற பெயரில் அதன் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டீர்கள். கேட்டது கிடைக்கும், பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறாள் என்று அவனையும் நீங்கள்தான் பழக்குகிறீர்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் டியூஷனுக்கு முன் பத்து நிமிடம் அவன் குட்டியோடு இருக்கட்டும்; அதில் மூன்று நிமிடம் தாத்தாவோடு நின்று அதை அழைத்துப் பழக்கட்டும். பரீட்சை நாளிலும் அதற்குத் தண்ணீர் வைப்பது அவன் வேலையாகவே இருக்கட்டும். பகலில் கட்டிப்போடும் நேரத்தை இந்த வாரமே பாதியாகக் குறையுங்கள். அதைச் செய்யாமல் வேறு எந்தப் பயிற்சியைப் பற்றியும் எனக்கு எழுத வேண்டாம்.