டானூப் ஆற்றில் ஒரு வாரமா, ஆம்ஸ்டர்டாம் தொடங்கி இரண்டு வாரமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்தவர். மத்திய ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பல் பயணம் ஒன்றுக்கு எங்களை அனுப்பிவைக்கப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை செல்லும் இரண்டு வாரப் பயணம், ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து புடாபெஸ்ட் போய்த் திரும்பும் ஒரு வாரப் பயணம் ஆகிய இரண்டையும் முகவர் காட்டுகிறார். எதை எடுப்பது? டிசம்பர் பள்ளி விடுமுறையில் பத்து வயதுப் பேரனையும் அழைத்துப் போகலாமா? கணவருக்கு மூட்டு வலி உண்டு.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ஒரு வாரப் பயணத்தையே எடுங்கள். இரண்டு வாரப் பயணத்தின் விளம்பரத்தாளில் நாடுகளின் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். ஆனால் அந்தப் பயணம் ரைன், மெயின் ஆகிய ஆறுகளைக் கடந்து, 1992இல் திறக்கப்பட்ட 171 கிலோமீட்டர் நீளமுள்ள மெயின்–டானூப் கால்வாய் வழியாகத்தான் டானூப் ஆற்றை அடைகிறது. ரைன், டானூப் ஆகிய இரு ஆறுகளின் நீர்வழிகளையும் இணைக்க வேண்டும் என்று 793ஆம் ஆண்டிலேயே சார்லமேன் மன்னர் வெட்டத் தொடங்கிய வாய்க்காலின் தடம் இன்றும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கிறது என்பதை எண்ணினால், இப்போதைய கால்வாய் ஒரு பொறியியல் சாதனைதான். கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரம்வரை கப்பல் படிப்படியாக ஏற்றப்பட்டு, மறுபுறம் இறக்கப்படுகிறது. அதற்காக 60க்கும் மேற்பட்ட நீர்ப்பூட்டுகளை, அதாவது கப்பலை உள்ளே அடைத்து நீரை ஏற்றியும் இறக்கியும் விடும் கதவுத் தொட்டிகளை, வழிநெடுகக் கடக்க வேண்டியிருக்கிறது. மெயின் ஆற்றிலும் கால்வாயிலும் நீர்ப்பூட்டின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலமோ ஏறத்தாழ 11.4 மீட்டர் என்பதால், இருபுறமும் ஏறத்தாழ ஓரடி இடைவெளிதான் மிஞ்சும். கப்பல் உள்ளே நுழைந்ததும் சன்னலுக்கு வெளியே ஈரம் கசியும் சிமெண்டுச் சுவரைத் தவிர எதுவும் தெரியாது. பட்டப்பகலில் அறைக்குள் விளக்குப் போட வேண்டிவரும். பாலங்கள் தாழ்வாக உள்ள இடங்களில் மாலுமி அறையையே கீழே இறக்கிவிட்டு, மேல்தளத்திற்கு யாரும் வரக் கூடாது என்று மூடிவிடுவார்கள். இயந்திரங்களில் ஆர்வம் உள்ளவருக்கு இது விருந்து. ஊர் பார்க்கப் போகிறவருக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர். ஆற்றுக் கப்பலின் பயணத் திட்டத்தை எழுதுவது கப்பல் நிறுவனம் என்றாலும் அதை முடிவுசெய்வது ஆறுதான். பவேரியாவில் ஸ்ட்ராபிங், வில்ஸ்ஹோஃபன் ஆகிய ஊர்களுக்கு இடையே அணை இல்லாததால், 2018, 2022 போன்ற வறண்ட ஆண்டுகளில் கப்பலின் அடி தட்டும் அளவுக்கு அங்கே நீர் குறைந்துவிடுகிறது. அப்போது பயணிகளைப் பேருந்தில் ஏற்றிச் சென்று மறுபுறம் காத்திருக்கும் இன்னொரு கப்பலில் ஏற்றுவார்கள். ஆற்றின் போக்கில் பாசாவ் இந்தப் பகுதிக்குக் கீழே இருப்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கிலும் வியன்னாவுக்குக் கிழக்கேயும் ஆறு அணையின்றித்தான் ஓடுகிறது. வெள்ளம் வந்தால் பாலத்தின் அடியில் கப்பல் நுழைய முடியாது. 2024 செப்டம்பர் வெள்ளத்தில் பல கப்பல்கள் வியன்னாவிலேயே நின்றுபோயின. ஆகவே பணம் கட்டுவதற்கு முன், நீர்மட்டத்தால் பயணம் மாறினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், பயணக் காப்புறுதி அதை ஏற்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

டிசம்பர் எனக்கு உடன்பாடில்லை. கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகானவைதான். ஆனால் வியன்னாவில் அந்த மாதம் மாலை நான்கு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும், பகலிலேயே குளிர் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். குளிரில் மூட்டு வலி கூடுமா என்பதை உங்கள் கணவரே நன்கு அறிவார். பேரனைப் பொறுத்தவரை, இக்கப்பல்கள் கடலில் செல்லும் சொகுசுக் கப்பல்கள் போன்றவை அல்ல. 135 மீட்டர் நீளத்திற்குள் இருநூறுக்கும் குறைவான பயணிகள்தான் இருப்பார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் உங்கள் வயதினர். நீர்ச்சறுக்கும் விளையாட்டுக் கூடமும் இருக்காது. பையனுக்குச் சலிப்பு, உங்களுக்கு அவனைச் சமாளிக்கும் வேலை. மே மாதத்தில் நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள். பகல் நீண்டிருக்கும், வெயிலும் இதமாக இருக்கும்.

மூட்டு வலிக்காரருக்கு ஆற்றுக் கப்பல் பொதுவாக நல்லதே. பெட்டியை ஒரு முறை பிரித்துவைத்தால் போதும், ஊர்தான் நம்மைத் தேடி வருகிறது. சிக்கல் கரையில் தொடங்குகிறது. துறைகளில் இடம் குறைவு என்பதால் கப்பல்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவார்கள். கரைக்குச் செல்ல இரண்டு மூன்று கப்பல்களுக்குள் புகுந்து நடக்க நேரும், சில சமயம் மேல்தளம் வழியாகப் படியேற நேரும். பழைய ஊர்களின் தெருக்கள் உருண்டைக் கற்கள் பதித்தவை. வழியில் ஆஸ்திரியாவில் 1089 முதல் துறவிகள் வாழும் மெல்க் மடம் குன்றின்மேல் இருந்தாலும் பேருந்து மேலே செல்லும். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறைவைத்த டியூர்ன்ஸ்டைன் கோட்டைக்கோ செங்குத்தாக ஏற வேண்டும். உங்கள் கணவர் கீழே காப்பிக் கடையில் அமர்ந்திருப்பதே உத்தமம். கப்பலில் மின்தூக்கி எந்தத் தளம்வரை செல்கிறது என்பதையும் கேளுங்கள், பல கப்பல்களில் அது அடித்தளத்திற்கும் மொட்டைத்தளத்திற்கும் போவதில்லை.

அடித்தள அறையின் சன்னல் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும், திறக்க வராது, நடுத்தளமே போதும். பால்கனிக்காக ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கரைக்காதீர்கள், துறையில் நிற்கும்போது பக்கத்துக் கப்பல்காரரின் அறைதான் அங்கிருந்து தெரியும். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாஹாவ் பகுதியைப் பகலில் கடக்கும் கப்பலாகவும், புடாபெஸ்டில் இரவு விளக்கொளியில் நாடாளுமன்றத்தைக் கடந்து செல்லும் கப்பலாகவும் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டையும் மொட்டைத்தளத்தில் நின்று பார்ப்பதற்கே அந்தக் காசு தகும்.

கேள்வி: நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை, செவ்வாய், வெள்ளி சைவம். கப்பலில் சமாளிக்க முடியுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முடியும், பதிவுசெய்யும்போதே சொல்லிவிட்டால். கண்ணுக்குத் தெரியும் இறைச்சியைவிடத் தெரியாததில்தான் கவனம் தேவை. ஆஸ்திரியாவில் தோசையைப் போன்ற மெல்லிய அப்பத்தைச் சீவித் தெளிவான ரசத்தில் போட்டுத் தருவார்கள். பார்வைக்குச் சைவமாகத் தெரியும் அந்தச் சூப்பு மாட்டெலும்பில் கொதித்தது. ஹங்கேரியின் குலாஷ் பெரும்பாலும் மாட்டிறைச்சியே. வாஹாவ் பகுதியின் சர்க்கரைப்பாதாமி (ஆப்ரிகாட்) உருண்டையும், ஹங்கேரிச் சந்தைகளில் எண்ணெயில் பொரித்துத் தரும் லாங்கோஷ் ரொட்டியும் வயிற்றுக்கும் விரதத்திற்கும் துணை நிற்கும். வீட்டிலிருந்து ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துச் செல்லலாம். இறைச்சி, பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுபோகத் தடை உண்டு, பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம்.

கேள்வி: எங்களுக்கு மலேசியக் கடப்பிதழ் உண்டு. உடன் வரும் மாமியாரிடம் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டும் இந்தியக் கடப்பிதழும். விசா வேண்டுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்களுக்கு வேண்டாம், எந்த 180 நாளிலும் 90 நாள்வரை மலேசியர் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா முறையைப் பின்பற்றும் ஐரோப்பிய நாடுகளில்) விசாவின்றித் தங்கலாம். எல்லையில் கைரேகையும் படமும் எடுப்பார்கள். மாமியாருக்குக் கட்டாயம் வேண்டும், மலேசிய நிரந்தரவாசம் அங்கே செல்லுபடியாகாது. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறாரோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். பாசாவ்–புடாபெஸ்ட் பயணத்தில் அது பெரும்பாலும் ஆஸ்திரியாவாக அமையும் என்றாலும், ஒவ்வோர் இரவும் கப்பல் எங்கே நிற்கிறது என்ற பட்டியலை முகவரிடம் வாங்கி எண்ணிப் பாருங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். விசா கைக்கு வரும்வரை அவருடைய கப்பல் கட்டணத்தில் முன்பணம் மட்டும் கட்டிவையுங்கள்.