பழைய மடிக்கணினிக்குத் தனியாகக் கெர்னல் கம்பைல் செய்யலாமா?

கேள்வி: 2011ஆம் ஆண்டைச் சேர்ந்த மடிக்கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு கோர் பிராசசர், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். பிரவுசரில் நான்கைந்து டேப்கள் திறந்தாலே திணறுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை அதன் மூல நிரலிலிருந்து என் கணினிக்கென்றே கம்பைல் செய்துகொண்டால் வேகம் கூடும் என்று நண்பர்கள் சொன்னதால் ஒருமுறை முயன்றேன். பல மணி நேரம் ஓடிய பிறகு டிஸ்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது. இந்த வேலையால் உண்மையிலேயே பயன் உண்டா? உண்டென்றால் முறையாகச் செய்வது எப்படி?

பதில்: உங்கள் பிரவுசரின் திணறல் கெர்னலை மாற்றுவதால் தீராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பைல் செய்ய வேறு நல்ல காரணங்கள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் தேவையில்லாத டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்களை) நீக்கினால் கணினி வேகமாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால், அது ஏன் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதை விளக்கிவிட்டுச் செய்முறைக்குப் போவதே சரி.

டெபியன் தரும் கெர்னலில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்படாமல், மாட்யூல் எனப்படும் தனித்தனிக் கோப்புகளாக டிஸ்கில் இருக்கின்றன. கணினி தொடங்கும்போது என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கண்டறியப்பட்டு, அதற்குரிய மாட்யூல்கள் மட்டுமே ரேமில் ஏற்றப்படுகின்றன. மற்றவை டிஸ்கில் இடத்தைப் பிடிப்பதோடு சரி, ரேமையோ பிராசசரின் நேரத்தையோ அவை எடுப்பதில்லை. டெர்மினலில் ‘எல்எஸ்மாட்’ கட்டளையைக் கொடுத்தால் இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களின் பட்டியல் வரும். அதன் இரண்டாவது நெடுவரிசையில் ஒவ்வொன்றின் அளவும் பைட் கணக்கில் இருக்கும். அவற்றைக் கூட்டிப் பார்த்தால் சில எம்பி, மிஞ்சிப்போனால் பத்து இருபது எம்பிதான் தேறும். ஒரே ஒரு பிரவுசர் டேப் இதைவிடப் பல மடங்கு ரேமைக் கேட்கிறது.

பிராசசர் வகையைக் குறிப்பிட்டுக் கம்பைல் செய்வதால் கிடைக்கும் லாபமும் அவ்வளவுதான். வீடியோவைக் குறிமாற்றும் மென்பொருள் போன்றவற்றில் ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் புதிய வெக்டர் கட்டளைகள் பெரிய வித்தியாசத்தைக் காட்டும். கெர்னலின் பொதுவான நிரல்பகுதியோ தசமக் கணக்குகளையும் வெக்டர் ரெஜிஸ்டர்களையும் பயன்படுத்தாமலேயே எழுதப்பட்டது. குறியாக்கம் போன்ற சில இடங்களில் அவை தேவைப்படும்போது, பிராசசருக்கு அந்தத் திறன் இருக்கிறதா என்று பார்த்து அந்த நேரத்திலேயே பொருத்தமான நிரலைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு பொதுக் கெர்னலிலும் இருக்கிறது.

உங்கள் கணினி திணறுவது ரேம் நிரம்பி, நினைவகப் பக்கங்கள் மெதுவான ஹார்டு டிஸ்கில் ரேமுக்குத் துணையாக ஒதுக்கிய ஸ்வாப் பகுதிக்கும் ரேமுக்கும் இடையே அலைவதால்தான் என்பது நீங்கள் சொல்லும் அறிகுறியிலிருந்தே தெரிகிறது. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி பொருத்துவதும், மதர்போர்டு ஏற்குமானால் ரேமை 8 ஜிபியாக உயர்த்துவதும் எந்தக் கெர்னலாலும் தர முடியாத மாற்றத்தைத் தரும். செலவில்லாமல் செய்யக்கூடியது, ரேமுக்குள்ளேயே சுருக்கப்பட்ட ஸ்வாப் பகுதியை உருவாக்கும் ‘இசட்ரேம்’ வசதியை இயக்குவது. 6.1 பதிப்பில் கெர்னலுக்குள் வந்த பல்தலைமுறை எல்ஆர்யு என்ற நினைவக மேலாண்மை முறையும் ரேம் குறைந்த கணினிகளுக்கு உதவும். அது கெர்னலில் இருந்தும் இயங்காமல் இருந்தால், கம்பைல் செய்யாமல் ஒரே கட்டளையில் இயக்கிவிடலாம். 2018இல் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் குறைகளுக்கான பாதுகாப்புத் தடுப்புகளை அணைத்தால் பழைய பிராசசர் சற்று வேகம் பெறும் என்பதும் உண்மையே. ஆனால் இணையத்தில் உலவும் கணினியில் அதைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் தனிக் கெர்னல் எதற்கு? பூட் பார்ட்டிஷன் சிறியதாக இருந்து, ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் நிரம்பி வழிகிறவர்களுக்குச் சிறிய கெர்னலும், தொடக்கத்தில் தற்காலிகக் கோப்பு முறைமையாக ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு சிறியதாக இருப்பதும் பெரிய நிம்மதி. பழைய மடிக்கணினியின் டச்பேடோ திரை ஒளியமைப்போ சரியாக இயங்க ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) தேவைப்படும்போது வேறு வழியே இல்லை. கெர்னல் எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொள்ளும் ஆர்வமும் மிக நியாயமான காரணம்தான். தொடங்கும் நேரத்தைக் குறைப்பதற்காக என்றால் முதலில் அளந்து பாருங்கள்: ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ கட்டளை, கெர்னலுக்கு எத்தனை வினாடி, அதன் பிறகு தொடங்கும் சேவைகளுக்கு எத்தனை வினாடி என்று பிரித்துக் காட்டும். கெர்னல் பகுதி நான்கு வினாடியும் மீதி நாற்பது வினாடியும் என்று வந்தால், நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் கெர்னல் அன்று.

இனி செய்முறை. இந்த வேலையைப் பழைய மடிக்கணினியிலேயே செய்யாதீர்கள். வேகமான இன்னொரு கணினி இருந்தால் அங்கே கெர்னலைக் கட்டி (கம்பைல் செய்து), முடிந்த தொகுப்பை மட்டும் கொண்டுவாருங்கள். ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் கணினியிலும் அதே டெபியனின் அதே பதிப்பு இருக்க வேண்டும், அல்லது அதே பதிப்பை ஒரு கண்டெய்னரில் (தனித்து இயங்கும் சூழலில்) வைத்து அதற்குள் கட்ட வேண்டும். கெர்னலோடு உருவாகும் ஹெடர் தொகுப்பில் (கெர்னலுடன் வராத வெளி மாட்யூல்களைக் கட்டத் தேவைப்படுவது) சில சிறு நிரல்களும் அடங்கியிருக்கின்றன. அவை கட்டப்பட்ட கணினியின் சி நூலகத்தைச் சார்ந்தவை என்பதால், புதிய லினக்ஸ் வழங்கலில் கட்டியதைப் பழைய வழங்கலில் வைத்தால் கெர்னல் ஓடினாலும் பிறகு வெளி மாட்யூல் எதையும் கட்ட முடியாமல் போகும். வேறு கணினியே கிடைக்காவிட்டால், மின்னிணைப்பில் வைத்து, விசிறியில் அடைந்த தூசியை நீக்கி, இணையாக ஓடும் வேலைகளை இரண்டோடு நிறுத்தி, பிரவுசரை மூடிவிட்டு இரவில் ஓட விடுங்கள்.

மடிக்கணினியில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், ஆனால் அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் கணினிக்கு எந்த மாட்யூல்கள் தேவை என்ற பட்டியலை ‘எல்எஸ்மாட்’ மூலம் ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத மாட்யூல் புதிய கெர்னலில் இருக்காது. எனவே சேமிப்பதற்கு முன்பு, நீங்கள் எப்போதாவது பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை இணைத்து இயக்கிவிடுங்கள்: யுஎஸ்பி பென்டிரைவ், அதிலும் எஃப்ஏடி, என்டிஎஃப்எஸ் ஆகிய இரு வடிவங்களிலும், எஸ்டி கார்டு, வெப்கேம், ப்ளூடூத் ஹெட்செட், பிரிண்டர், வெளித்திரை, மொபைல் வழி இணையம், விபிஎன், டிவிடி டிரைவ். ஃபயர்வால் விதிகளும் இயங்கிக்கொண்டிருக்கட்டும். பென்டிரைவைச் செருகாமல் பட்டியல் எடுத்தவர்கள், புதிய கெர்னல் வந்த பிறகு பென்டிரைவ் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் குழம்புவது வாடிக்கை. அந்தப் பட்டியலோடு, பூட் அடைவில் உள்ள இப்போதைய கெர்னலின் விருப்பங்கள் அடங்கிய கான்ஃபிக் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூல நிரலைக் கெர்னலின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, அதனுடன் வரும் கையொப்பக் கோப்பைக் கொண்டு சரிபாருங்கள். கையொப்பம் சுருக்கம் நீக்கிய டார் கோப்புக்கு உரியது என்பதால், முதலில் எக்ஸ்இசட் சுருக்கத்தை நீக்க வேண்டும். பதிப்பைப் பொறுத்தவரை, அண்மைப் பதிப்பின் பின்னால் ஓடாமல் 6.12 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். 2024 நவம்பரில் வெளியான அது, டெபியன் 13 பயன்படுத்தும் அதே வரிசை என்பதால், பழைய கான்ஃபிக் கோப்பும் பெரிய சிக்கலின்றிப் பொருந்தும்.

நிரல் அடைவில் அந்தக் கான்ஃபிக் கோப்பை வைத்து, சேமித்த பட்டியலின் இடத்தைக் குறிப்பிட்டு ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளையைக் கொடுத்தால், பட்டியலில் இல்லாத மாட்யூல்கள் எல்லாம் தாமாகவே நீக்கப்படும். 2.6.32 பதிப்பிலிருந்து உள்ள இந்த வசதி இல்லாவிட்டால், ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். புதிய விருப்பங்கள் குறித்து அது கேட்கும் சில கேள்விகளுக்கு என்டர் விசையை அழுத்தி இயல்பு விடையை ஏற்றுக்கொண்டால் போதும்.

உங்கள் முந்தைய முயற்சி டிஸ்க் நிரம்பி நின்றதற்கான காரணம் அநேகமாகப் பிழைத்திருத்தத் தகவல்தான். வழங்கல்களின் கான்ஃபிக் கோப்பில் அது இயங்கும் நிலையில் இருக்கும். அதனால் கம்பைலில் உருவாகும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் ஊதிப் பெருத்து, கட்டும் அடைவு பத்து இருபது ஜிபியைத் தாண்டிவிடும். ‘மேக் மெனுகான்ஃபிக்’ கொடுத்து, ‘கெர்னல் ஹேக்கிங்’ பகுதியில் கம்பைல் நேரச் சோதனைகளின் கீழ் உள்ள பிழைத்திருத்தத் தகவலை அணைத்துவிட்டால், குறைத்த கான்ஃபிக்கோடு சேர்த்துச் சில ஜிபியிலேயே வேலை முடியும். நேரமும் வெகுவாகக் குறையும். இன்னொரு பொறி, சான்றிதழ்க் கோப்பு. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் கான்ஃபிக்கில், நம்பகமான சாவிகளுக்கான விருப்பம் அவர்களிடம் மட்டுமே உள்ள ஒரு பெம் கோப்பைச் சுட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் கோப்பு இல்லாமல் கட்டுமானம் நின்றுவிடும். அந்த விருப்பத்தின் மதிப்பை வெற்றாக்குங்கள். உபுண்டுவில் ரத்துசெய்யப்பட்ட சாவிகளுக்கான விருப்பத்துக்கும் இதையே செய்ய வேண்டும்.

மெனுவுக்குள் போனவுடன் கை துறுதுறுக்கும். பெயர் புரியாத எதையும் நீக்காதீர்கள். குறிப்பாக மின்மேலாண்மைக்கான ஏசிபிஐ, வெப்பநிலைக் கண்காணிப்பு, மடிக்கணினி நிறுவனத்துக்குரிய சிறப்பு மாட்யூல் ஆகியவற்றைத் தொட வேண்டாம். விசிறி, பேட்டரி, உறக்கநிலை எல்லாம் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன. வைஃபை டிரைவரை மாட்யூலாகவே விட்டுவிடுங்கள். அதை கெர்னலுக்குள் சேர்த்தால், மூலக் (ரூட்) கோப்பு முறைமை மவுன்ட் ஆவதற்கு (பயன்பாட்டுக்கு இணைக்கப்படுவதற்கு) முன்பே, அது வன்பொருளுக்குள் ஏற்ற வேண்டிய தன் ஃபர்ம்வேர் கோப்பைத் தேடி, கிடைக்காமல் செயலிழந்துவிடும். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலேயே தொடங்கச் செய்ய வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். கெர்னலை ஏற்றும் க்ரப் நிரல் பயன்படுத்தும், யுயுஐடி என்ற கோப்பு முறைமை அடையாள எண்ணைக் கெர்னல் தானாகப் புரிந்துகொள்ளாது, அதைக் கண்டுபிடித்துத் தருவதே இனிட்ராம்எஃப்எஸ்தான். திரை அசைவுகள் சீராக இருக்க வேண்டுமென்பதற்காக ப்ரீஎம்ப்ஷன் முறையை (ஓடும் வேலையை இடைநிறுத்தி வேறு வேலைக்கு இடம்விடும் முறையை) மாற்ற விரும்பினால், அந்த மாற்றத்தை இயக்க நேரத்திலேயே அனுமதிக்கும்படி கட்டப்பட்ட கெர்னலில், தொடங்கும்போது ‘ப்ரீஎம்ப்ட்’ அளவுருவுக்கு ‘ஃபுல்’ என்ற மதிப்பைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

உள்ளூர்ப் பதிப்புக் குறி என்ற விருப்பத்தில் ஒரு சிறு பெயரைச் சேர்த்துவிடுங்கள். எது டெபியனுடையது, எது உங்களுடையது என்று பின்னால் குழப்பம் வராது. பிறகு ‘மேக் பின்டெப்-பிகேஜி’ கட்டளை, நிரல் அடைவுக்கு மேலுள்ள அடைவில் டெப் தொகுப்புகளை உருவாக்கித் தரும். அவற்றில் இமேஜ், ஹெடர்ஸ் ஆகிய இரண்டை மட்டும் மடிக்கணினியில் நிறுவினால் போதும். இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கமும் க்ரப் மெனு புதுப்பிப்பும் தாமாகவே நடக்கும். தொகுப்பாக நிறுவுவதில் பெரிய வசதி, பிடிக்காவிட்டால் ஒரே கட்டளையில் சுத்தமாக நீக்கிவிடலாம் என்பதே.

நிறுவும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். வெளி மாட்யூல் எதையாவது டிகேஎம்எஸ் (புதிய கெர்னலுக்கு மாட்யூலைத் தானாகக் கட்டும் கருவி) மூலம் பயன்படுத்துகிறீர்களா? கைவிடப்பட்ட பழைய என்விடியா டிரைவர்கள் புதிய கெர்னல்களோடு கம்பைல் ஆகாது. திறமூல நூவோ டிரைவருக்கு மாற வேண்டியிருக்கும். செக்யூர் பூட் இயங்கும் சற்றே புதிய கணினிகளில், கையொப்பமிடாத கெர்னல் தொடங்கவே தொடங்காது. உங்கள் கணினியின் வயதுக்கு அந்தச் சிக்கல் இருக்க வாய்ப்பில்லை.

முதல் முறை தொடங்கியதும் வைஃபை, ஒலி, திரை ஒளி, பேட்டரி அளவு, மூடியை மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து எழுவது, பென்டிரைவ் என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கெர்னல் செய்திகளைக் காட்டும் ‘டிஎம்எஸ்ஜி’ கட்டளையில் பிழை, எச்சரிக்கை வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். மூலக் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய முடியவில்லை என்ற செய்தியோடு கெர்னல் பேனிக் (கெர்னல் முற்றிலும் நின்றுபோவது) வந்து, அடைப்புக்குறிக்குள் 0,0 என்ற எண்கள் தெரிந்தால், டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் விடுபட்டிருக்கும் அல்லது இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமல் போயிருக்கும். அணைத்துவிட்டு, க்ரப் மெனுவின் மேம்பட்ட விருப்பங்களில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், பட்டியலில் விடுபட்டதைச் சேர்த்து மீண்டும் கட்டுங்கள். மாறாத ஆப்ஜெக்ட் கோப்புகள் அப்படியே இருப்பதால் இரண்டாவது முறை நேரம் குறைவாகவே ஆகும்.

இதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் உங்கள் பொறுப்பாகிவிடுகின்றன. டெபியனின் தானியங்கி மேம்படுத்தல் உங்கள் கெர்னலைத் தொடாது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு அடிக்கடி, பல வாரங்களில் வாரம் ஒன்றாகக்கூட, திருத்தப் பதிப்புகள் வெளிவருகின்றன. ஒவ்வொன்றையும் துரத்த வேண்டியதில்லை என்றாலும், மாதம் ஒருமுறையாவது புதிய நிரலை இறக்கி, உங்கள் கான்ஃபிக் கோப்பை அதில் வைத்து, ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கொடுத்து, மறுபடியும் தொகுப்பைக் கட்டி நிறுவ வேண்டும். டெபியனின் கெர்னல் தொகுப்பை ஒருபோதும் நீக்காதீர்கள்; புதுப்பிக்க நேரமில்லாத மாதங்களில் க்ரப்பின் இயல்புத் தேர்வை அதற்கே மாற்றிவையுங்கள்.