வளரும் நாடுகளில் இணையம் மலிவாகவும் தடையின்றியும் கிடைக்க எதற்கு முதலிடம் தர வேண்டும்?

கடலடிக் கேபிள், செயற்கைக்கோள், அரசு மானியம் ஆகிய மூன்றில் எதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வலையமைப்புப் பராமரிப்பில் பணியாற்றும் நான் இம்மூன்றுக்கும் முன்பாக இணையப் பரிமாற்ற மையத்தைச் சொல்வேன். ஒரு நாட்டில் புறப்பட்டு அதே நாட்டில் சேர வேண்டிய தரவு எல்லை தாண்டாமல் கைமாறும் இடம் அது. அதன் பயனை அறியக் கென்யாவின் அனுபவத்தைப் பார்ப்பது நல்லது.

1990களின் இறுதியில் நைரோபியில் எதிரெதிரே இருந்த இரண்டு அலுவலகங்கள் வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் மின்னஞ்சல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி, அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இறங்கி, மீண்டும் ஏறி நைரோபிக்கு வந்து சேரும். பதிலும் அதே வழியில்தான் திரும்ப வேண்டும். அந்த உயரத்தை எட்டு முறை கடக்க ஒளிக்கே ஏறத்தாழ ஒரு விநாடி பிடிக்கும். நெரிசலால் ஏற்படும் தாமதம் தனி. இந்தச் சுற்றுப் பயணத்துக்கு இரு நிறுவனங்களும் டாலரில் கட்டணம் செலுத்தின. அந்தச் செலவு முழுவதும் வாடிக்கையாளரின் மாதக் கட்டணத்தில் ஏறியது.

இதைத் தவிர்ப்பதற்காகக் கென்ய இணையச் சேவை நிறுவனங்களின் சங்கமான டெஸ்போக், 2000 நவம்பரில் நைரோபியில் ஒரு பரிமாற்ற மையத்தைத் தொடங்கியது. பன்னாட்டுத் தொடர்பில் ஏகபோக உரிமை பெற்றிருந்த டெல்காம் கென்யா உடனே புகார் செய்தது. இரண்டே வாரங்களில் ஒழுங்குமுறை ஆணையம் அதை உரிமமற்ற தொலைத்தொடர்பு வசதி என்று கூறி மூட வைத்தது. சங்கம் தீர்ப்பாயத்தில் முறையிட்டு, இறுதியில் உரிமம் பெற்று, 2002 பிப்ரவரியில்தான் மையத்தை மறுபடி திறக்க முடிந்தது. ஓர் ஏழை நாட்டு மக்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தேவையில்லாமல் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இத்தனை எதிர்ப்புக்கு உள்ளான அந்த மையத்துக்கு அடிப்படைத் தேவை என்று பார்த்தால், குளிரூட்டிய ஓர் அறை, கருவிகளைப் பொருத்தும் ஒரு ரேக், அதில் பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு ஈதர்நெட் ஸ்விட்ச், மின்சாரம் போனால் தாங்குவதற்கு யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும், அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் கேபிளைக் கொண்டுவந்து அந்த ஸ்விட்சில் செருகி, தன் வாடிக்கையாளர்களின் முகவரிகள் எவை என்பதை மற்றவர்களின் ரவுட்டர்களுக்கு, அதாவது தரவு எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் கருவிகளுக்கு, அறிவிக்கும். அதன் பிறகு உள்நாட்டுத் தரவு அந்த அறையிலேயே கைமாறிவிடும். இணைய வளர்ச்சிக்காக இயங்கும் பன்னாட்டு அமைப்பான இன்டர்நெட் சொசைட்டி 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, 200 முதல் 600 மில்லிவிநாடி வரை இருந்த தாமதம் 2 முதல் 10 மில்லிவிநாடியாகக் குறைந்தது; பன்னாட்டு இணைப்புச் செலவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 14 லட்சம் டாலர் மிச்சமானது. 2020இல் அந்த மிச்சம் 60 லட்சம் டாலராக வளர்ந்திருந்தது. கூகுள் போன்ற நிறுவனங்கள் மக்கள் அதிகம் பார்க்கும் காணொளிகளின் நகல்களை உள்நாட்டிலேயே சேமித்து வைத்ததும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். தரவைக் கைமாற்றிக்கொள்ள ஓர் இடம் இருக்கும் ஊருக்குத்தான் அத்தகைய சேமிப்புக் கணினிகள் எளிதில் வரும்.

கேபிள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2009இல் சீகாம், டீம்ஸ் என்ற கடலடிக் கேபிள்களும், அடுத்த ஆண்டு ஈஸி என்ற கேபிளும் கென்யத் துறைமுகமான மொம்பாசாவில் கரையேறிய பின்னர்தான் கிழக்கு ஆப்பிரிக்கா செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த நிலை மாறியது. ஆனால் கேபிள் அறுபடக்கூடியது. 2024 மே மாதத்தில் தென்னாப்பிரிக்கக் கடற்கரைக்கு அருகே ஈஸியும் சீகாமும் ஒரே நாளில் அறுந்தபோது, கென்யா, தான்சானியா உள்ளிட்ட பல நாடுகளில் இணையம் திணறியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு செங்கடலில் அறுந்த கேபிள்களைச் சரிசெய்யப் பழுதுபார்க்கும் கப்பலுக்கு அனுமதி பெறுவதே பெரும்பாடாகி, வேலை பல மாதங்கள் இழுத்தது. இப்படிப்பட்ட நேரத்திலும் உள்நாட்டுச் சேவைகள் இயங்க வேண்டுமானால், வங்கியின் சர்வரும் மருத்துவமனையின் பதிவேடும் இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களும் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். சர்வர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் இருந்தால், பக்கத்துத் தெருவில் உள்ள வங்கியின் இணையதளம்கூடத் திறக்காது.

செயற்கைக்கோளே போதும் என்பவர்களுக்கும் கென்யாவில் பாடம் உண்டு. செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2023இல் அங்கு வந்தது. ஃபைபர் கேபிள் எட்டாத சிற்றூர்களுக்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பயனர்கள் பெருகியதும் 2024 இறுதியில் நைரோபி பகுதியில் புதிய இணைப்பு தருவதை அது நிறுத்தி வைத்தது. அயல்நாட்டு மையங்கள் வழியாகச் சுற்றி வந்த தரவின் தாமதத்தைக் குறைக்க, 2025 தொடக்கத்தில் நைரோபியிலேயே ஓர் இணைப்பு மையத்தையும் நிறுவியது.

ஆகவே என் வரிசை இது: ஏகபோக உரிமையை நீக்குவது, பரிமாற்ற மையம் அமைப்பது, வெவ்வேறு பாதைகளில் செல்லும் கேபிள்களில் பங்கு வாங்குவது, கடைசியாக மானியம். முதல் இரண்டும் நடக்காத நாட்டில் மானியம் ஏகபோக நிறுவனத்தின் லாபக் கணக்கில்தான் போய்ச் சேரும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் நாட்டின் நிலையை அறிய விரும்பினால், உள்நாட்டில் சர்வர் வைத்திருக்கும் ஒரு தளத்துக்குக் கணினியிலிருந்து, தரவு கடந்து செல்லும் இடங்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை இயக்கிப் பாருங்கள். வரிசையாக வரும் பெயர்களுக்கு நடுவில் லண்டனோ மார்செய்யோ போன்ற அயல்நாட்டு நகரம் தென்பட்டால், அந்தப் பட்டியலை உங்கள் சேவை நிறுவனத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் அனுப்பி, காரணம் கேளுங்கள்.