கரையும் பேப்பரின் மிச்சத் துண்டுகள்: கேள்வி-பதில்

எம்ப்ராய்டரி முடித்து, துணியை இழுத்துப் பிடிக்கும் வளையமான ஹூப்பைக் கழற்றினால் டிசைனைச் சுற்றி நாலு பக்கமும் கரையும் பேப்பர் மிஞ்சும். தைக்கும்போது துணியைத் தாங்கிப் பிடித்து, பிறகு தண்ணீரில் கரைந்துபோகும் பேப்பர் இது; கடைகளில் வாட்டர் சாலுபிள் என்று கேட்டு வாங்கும் அதே பொருள்தான். விலை குறைவில்லை, ஆனாலும் பல இடங்களில் மிச்சம் நேராகக் குப்பைக்குப் போகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறோம். எல்லா வகைத் துண்டுகளும் ஒரே மூட்டையில் கலந்து கிடக்கின்றன. எது எதற்கு ஆகும் என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் கையால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் உறைபோல் வழவழவென்று, ஒளி ஊடுருவும்படி இருப்பது ஃபிலிம் வகை. துணிபோல் இழையோடு இருப்பது ஃபேப்ரிக் வகை. மெல்லிய ஃபிலிம் துணிக்கு மேலே போடுவதற்கு. கனமான ஃபிலிமும் ஃபேப்ரிக் வகையும் அடியில் வைத்துத் தைப்பதற்கு.

அடுத்து, சந்தேகப்படும் ஒவ்வொன்றிலும் நகமளவு வெட்டிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். இந்தப் பேப்பர்கள் பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளால் ஆனவை. 1924-இல் ஜெர்மனியில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. தயாரிக்கும்போது நடக்கும் நீராற்பகுப்பு (ஹைட்ராலிசிஸ்) என்ற வேதிமாற்றத்தின் அளவைப் பொறுத்து இதன் குணம் மாறும். 88 சதவீதம் அளவில் நிறுத்தினால் பச்சைத் தண்ணீரிலேயே கரையும். 98, 99 வரை கொண்டுபோனால் வெந்நீர் வேண்டும். ஆகவே பச்சைத் தண்ணீரில் கரையாத துண்டை உடனே ஒதுக்காமல் நல்ல வெந்நீரிலும் ஒருமுறை பாருங்கள். அதிலும் அப்படியே கிடந்தால் அது கிழித்தெடுக்கும் பேப்பராகவோ, சூட்டில் உதிரும் ஃபிலிமாகவோ இருக்கும். அதை இந்த மூட்டையில் சேர்க்கவே கூடாது. துணியில் தடவும் கரைசலை (பின்னால் சொல்கிறேன்) தயாரிக்கும்போது இப்படி ஒரே ஒரு துண்டு கலந்தாலும் மொத்தத்தையும் வடிகட்ட வேண்டிவரும்.

பிரித்த பிறகு உள்ளங்கையைவிடப் பெரியது ஒரு பையில், சிறியது இன்னொரு பையில். இதற்கு மேல் வகைபிரிக்க வேண்டியதில்லை.

சின்னத் துண்டுகளை ஒட்டி ஹூப் அளவுக்குப் பெரிதாக்க முடியுமா?

முடியும். ஃபிலிம் வகை என்றால் ஒரு துண்டின் ஓரத்தை ஈரத் தூரிகையால் லேசாகத் தடவி, அடுத்த துண்டை அரை அங்குலம் மேலேற்றி அழுத்துங்கள். தண்ணீர் கூடினால் அந்த இடமே கரைந்து ஓட்டை விழும். தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டுத் தடவினால் போதும். பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் அயர்ன் செய்தும் ஒட்டலாம். ஃபேப்ரிக் வகையை ஓரத்தோடு ஓரம் ஏற்றி வைத்து அகலமான ஸிக்ஸாக் போட்டுவிடுங்கள். கரையும்போது அந்த நூல் தனியே வந்துவிடும்.

ஆனால் ஒட்டிய பேப்பர் எல்லா வேலைக்கும் ஆகாது. துணியே இல்லாமல் பேப்பர் மேல் மட்டும் தைக்கிற லேஸுக்குப் புதிய முழுப் பேப்பர்தான் போட வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கான தையலின் இழுப்பையும் பேப்பர் ஒன்றே தாங்குகிறது. ஒட்டு விட்டால் அவுட்லைன் ஒரு பக்கம், உள் நிரப்பு ஒரு பக்கம் என்று நகர்ந்துவிடும். பேப்பரில் மிச்சம் பிடிக்கப்போய் நூலும் மெஷின் நேரமும் சேர்ந்து வீணாகும்.

டர்க்கி டவலில் பெயர் போடுகிறோம். எவ்வளவு சின்ன ஃபிலிம் துண்டு வரை பயன்படும்?

துண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. டவலின் சுருள் நூல் எழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்காமல் அமுக்கிப் பிடிப்பதுதான் மேல் ஃபிலிமின் வேலை. அதற்கு ஹூப் முழுக்க ஃபிலிம் தேவையே இல்லை. எழுத்தைச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் இருந்தால் போதும். தொடங்குமுன் சுற்றி ஒரு நீளத் தையல் ஓடவிட்டால் நகராது. வெல்வெட்டுக்கும் பனியன் துணிக்கும் இதே முறைதான். முடிந்ததும் கையால் கிழித்தெடுங்கள். எழுத்தின் இடுக்கில் மாட்டிய துணுக்கை ஈரப் பஞ்சால் ஒற்றினால் போய்விடும். கிழித்த மிச்சம் சின்னப் பைக்கு.

துண்டுகளைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் தடவலாம் என்கிறார்களே, எப்படி?

நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்லும் பயன் இதுதான். நூற்பாலை, தறி பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க, சைசிங் என்ற கட்டத்தில் போடும் கஞ்சியிலும் இதே பாலிவினைல் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். இழைக்குச் செய்வதை நாம் துணிக்குச் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஒட்டியிருக்கும் நூல்களை உருவிவிட்டு, பேனா கோடு போட்ட துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். அந்த மை கரைசலில் இறங்கி வெளிர்நிறத் துணியில் ஏறும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு கைப்பிடித் துணுக்கு என்று தொடங்குங்கள். கிளறிவிட்டு இரவு முழுக்க மூடி வைத்தால் காலையில் நீர்த்த கஞ்சிப் பதத்தில் இருக்கும். கெட்டியாக இருந்தால் தண்ணீர், நீர்த்திருந்தால் இன்னும் துணுக்கு. போராக்ஸ் (வெண்காரம்) கலந்த எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பட்டால் மொத்தமும் ரப்பர்போல் இறுகிவிடும்.

ஷிஃபான், ஜார்ஜெட் ஓரங்களில் தூரிகையால் தடவி நன்றாகக் காயவிடுங்கள். அரைகுறை ஈரத்தில் ஹூப்பில் மாட்டினால் இழுபட்ட வடிவத்திலேயே துணி காய்ந்துவிடும். காய்ந்த பின் மேலே ஒரு துணி போட்டு அயர்ன் செய்தால் காகிதம்போல் நிற்கும். ஓரம் சுருட்டித் தைப்பதும், பொத்தான் துளை எடுப்பதும், குறுக்கு வெட்டு இழுபடாமல் இணைப்பதும் அப்போது எவ்வளவு சுலபமாகிறது என்று செய்து பார்த்தால் தெரியும். வேலை முடிந்ததும் அலசினால் துணி பழையபடி குழைந்துவிடும். சாயம் இறங்கும் துணியில் மட்டும் முன்கூட்டியே ஒரு மூலையில் சோதியுங்கள், சுங்குடியில் கட்டாயம். மிஞ்சிய கரைசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பேர் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். வாடை வந்தாலோ பூசணம் தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

பட்டு பிளவுஸில் ஆரி ஒர்க் செய்ய, இந்தத் துண்டில் டிசைன் வரைந்து மேலே ஒட்டலாமா?

வேண்டாம். அதை எடுக்கத் தண்ணீர் காட்டித்தான் ஆக வேண்டும். பட்டில் தண்ணீர்க் கறை விழும், ஜரிகையும் ஒட்டு போட்ட கல்லும் பாழாகும். துவைக்கக்கூடிய காட்டன் பிளவுஸ் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கருப்புத் துணியில் கோடு தெரியாமல் திண்டாடுபவர்களுக்கு மிகவும் உதவும்.

மழைக்காலத்தில் துண்டுகள் பிசுபிசுக்கின்றன, கோடையில் தொட்டாலே நொறுங்குகின்றன.

காற்றில் ஈரம் கூடுவதும் குறைவதும்தான் இரண்டுக்கும் காரணம். ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். ஏசி அறையில் திறந்து கிடந்தாலும் நொறுங்கும். நொறுங்குவதைச் சிறிது நேரம் ஈரப்பதமான அறையில் விரித்து வைத்தால் குழைவு திரும்பும். பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டியதைப் பிரிக்கப் போராடாமல் கரைசலில் போடுங்கள்.

கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா?

அலசிய நீர்த்த தண்ணீர் குழாயை அடைக்காது. கெட்டிக் கூழை அப்படியே ஊற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தது என்பதற்காக அந்தப் பொருள் இல்லாமல் போய்விடுவதில்லை. அதைச் சிதைக்க அதற்குப் பழகிய நுண்ணுயிர்கள் வேண்டும், எல்லா நீர்நிலையிலும் அவை போதுமான அளவு இருக்காது. முதல் முறை துணியை முக்கியெடுத்த தண்ணீரைப் பிடித்து வைத்து அடுத்த மெல்லிய துணிக்குத் தடவப் பயன்படுத்துங்கள்.

துண்டு நூல்களும் நிறையச் சேர்கின்றன. இரண்டையும் சேர்த்து ஏதாவது செய்யலாமா?

இரண்டு ஃபிலிம் துண்டுகளுக்கு நடுவே வண்ண நூல்களைப் பரப்பி, மேலே கட்டம் கட்டமாகத் தையுங்கள். கரைத்தால் நூலால் ஆன வலைத்துணி கிடைக்கும். கம்மல், பிளவுஸ் முதுகுக்கு ஒட்டுப்பூ, பை மீது அலங்காரம் என்று வெட்டிக்கொள்ளலாம். தைக்கும் ஒவ்வொரு கோடும் குறைந்தது இரண்டு கோடுகளையாவது குறுக்கே வெட்ட வேண்டும். தனித்து ஓடிய கோடு தண்ணீரில் பிரிந்துவிடும். கம்மல் விறைப்பாக வேண்டுமென்றால் முழுக்க அலசாமல் கொஞ்சம் பிசுக்கு இருக்கும்போதே எடுத்து, தெர்மாகோலில் குண்டூசி குத்தி வடிவம் பிடித்துக் காயவையுங்கள். வேர்வை படும் இடத்தில் போடுவதாக இருந்தால் மட்டும் முழுமையாக அலசிவிடுங்கள்.