விலை கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களிடம் எப்படிக் கதைப்பது?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மொட்டைக்கறுப்பன் என்ற எங்கள் பாரம்பரியச் சிவப்பரிசி நெல்லை அவித்துக் குத்தி அரிசியாக விற்கிறாராம். போன் எடுப்பவர்கள் கிலோ என்ன விலை என்கிறார்கள், சொன்னதும் "பிறகு சொல்லுறன்" என்று வைத்துவிடுகிறார்கள். நம்பிக்கை வர எப்படிக் கதைப்பது?

தம்பி, விலையை மட்டும் சொன்னால் அவர் அதைக் கடை அரிசி விலையோடுதான் ஒப்பிடுவார், வேறென்ன செய்வார்? சோற்றுக்கா கஞ்சிக்கா, வீட்டில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே போகாதீர்கள். அப்புறம் குறையை நீங்களே சொல்லுங்கள்: "இந்த முறை குறுணல் கொஞ்சம் கூட, வேக நேரம் எடுக்கும், முதலில் ஒரு கிலோ எடுத்துப் பாருங்கள்." சீனி வருத்தம் மாறும் என்று மட்டும் வாய்தவறியும் சொல்லவேண்டாம்.

இதைவிட முக்கியம், "நான் கதைச்சு வித்துத் தாறன்" என்று வரும் தரகரை நடுவில் விடாதீர்கள். புதுக்குடியிருப்பில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் நீல நூலால் சாக்கு தைத்து அனுப்புவார். வாங்கியவர் அரிசி சரியில்லை என்று திருப்பி அனுப்பிய சாக்கில் வெள்ளை நூல் தையல் இருந்தது. நடுவில் பிரித்து, மலிவான சிவப்பரிசியைக் கலந்திருக்கிறார்கள். கெட்டது அக்காவின் பெயர்! வாங்குபவரின் நம்பர் உங்கள் போனில் இருக்கவேண்டும், தரகரின் போனில் அல்ல.

அடுத்தது தராசு. வருடாவருடம் அது சரியாக நிறுக்கிறது என்ற அரச முத்திரையைக் குத்துவியுங்கள், அந்த முத்திரையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முத்திரை குத்தும் நாள் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியவரும்போது அது முடிந்திருக்கும், ஆனால் எப்படிச் சிரித்துப் பேசுவது என்று பயிற்சி வகுப்பு வைக்க மட்டும் மண்டபமும் மதியச் சாப்பாடும் கிடைக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

விலையை முதலிலேயே சொல்லவேண்டிய ஒரே ஆள், கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவுக்காகக் கனடாவிலிருந்து போன் எடுக்கும் மகன். மாரிகாலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால். அவர் வேலைக்கு ஓடும் நேரத்தில் எடுப்பார், அவரிடம் கஞ்சியா சோறா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. விலை, வண்டிக்கூலி, கொண்டுபோய்க் கொடுக்கும் நாள், இந்த மூன்றையும் சொல்லி அம்மாவின் நம்பரை வாங்குங்கள். மற்றக் கேள்வியெல்லாம் அம்மாவிடம். சாக்கைப் பிரித்து அவர் கையில் அள்ளிப் பார்க்கும்வரை வாசலில் நில்லுங்கள், அவர் சரி என்ற பிறகு மகனுக்கு எடுங்கள். காசு தருவது மகன்தான், ஆனால் அடுத்த மாதமும் உங்களிடம் வாங்குவதா என்று சொல்லப்போவது அம்மா.