12 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கூட பிடிச்சிட்டான்னு கேட்டவங்களுக்கு

தங்கச்சி, உங்கள யாரும் ஏமாத்தல. சீனாவுலேர்ந்து ஆர்டர் பண்ண 120 வெள்ளி சுடிதார் செட்டுக்கு 12 வெள்ளி கூட வந்தது மலேசிய அரசாங்க வரிதான். 2024 ஜனவரி 1லேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து ஆன்லைன்ல வாங்குற 500 வெள்ளி வரைக்கும் உள்ள சாமானுக்கு 10% விற்பனை வரி, பொருளோட விலைக்கு மட்டும்தான், டெலிவரி சார்ஜுக்கு கிடையாது, அதனாலதான் கணக்கு கரெக்டா 12 வருது பாருங்க. முன்னாடி இந்த மாதிரி சின்ன பார்சலுக்கு வரியே இல்ல, நம்ம ஊர் கடைக்காரங்க மட்டும் கட்டிட்டு இருந்தா எப்படி போட்டி போடுவாங்கன்னுதான் கொண்டு வந்தாங்க. எங்க அத்தை கிள்ளான்ல துணிக்கடை வச்சிருக்காங்க, அவங்கள கேட்டா இந்த 10% எல்லாம் எந்த மூலைக்குன்னு சிரிப்பாங்க, சீனாவுல பாதி விலைக்கு விக்குறான்ல.

ஆனா அந்த எஸ்எம்எஸ், "வரி கட்டுனாதான் பார்சல் வரும்"னு லிங்க் வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, அத தொடாதீங்க, அதுதான் ஏமாத்து வேலை. நீங்க காசு கட்டும்போதே ஆப்ல வரிய எடுத்தாச்சு, பில்லுல தனியா காட்டியிருக்கும், மறுபடியும் எதுக்கு கட்டணும்? பார்சல் எங்க இருக்குன்னு ஆப்புக்குள்ளேயே போயி பாருங்க. கார்டு நம்பர் ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா இப்பவே பேங்குக்கு போன் போடுங்க.