பிரெப் மாத்திரை ஹார்மோனைக் கெடுக்குமா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கும் திருநங்கை. ஹார்மோனுக்காகப் பார்மசியில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையை அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைத்தார்கள். அது ஹார்மோனை முறித்துவிடும் என்கிறார்கள் தோழிகள். உண்மையா?

பதில்: இல்லை, தாராளமாகத் தொடங்குங்கள். பிரெப்பில் உள்ள டெனோஃபோவிர் என்ற மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. உங்கள் மாத்திரையிலுள்ள பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோ கல்லீரலில் சிதைகிறது. தாய்லாந்தில் திருநங்கையரிடம் நடத்திய ஆய்வில், பிரெப் எடுத்தபோது ஈஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகையின் அளவு குறையவில்லை. டெனோஃபோவிர் அளவுதான் சற்றுக் குறைந்தது. ஆகவே, ஈஸ்ட்ரடயால் வகை ஹார்மோன் எடுப்பவர்கள் உடலுறவை ஒட்டி மட்டும் விழுங்கும் முறையை நம்பாமல், நாள்தோறும் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தினமும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரெப் பலன் தருமா என்று சோதித்து, 2010-இல் முடிவு வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வின் 2,499 பேரில் 339 பேர் திருநங்கையர் என்பதை, 2015-இல்தான் தனியே பிரித்து ஆராய்ந்தார்கள். அதுவரை ஆண்களின் கணக்கிலேயே சேர்த்து வைத்திருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. மருந்து பெற்ற திருநங்கையரில் 11 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 பேருக்கும் தொற்று வந்திருந்தது. எனினும், தொற்று தெரியவந்த வேளையில் அந்த 11 பேரில் ஒருவரின் இரத்தத்திலும் மருந்து இல்லை. ஹார்மோன் கெட்டுவிடும் என்ற பயத்தில் மாத்திரையை விட்டுவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

பிற்காலத்து ஆய்வுகள் திருந்தியிருக்கின்றன. ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைச் சோதித்த, 2024-இல் முடிவு வெளியான ஆய்வில், திருநங்கையர், திருநம்பியர், இருபாலுக்குள் அடங்காதவர்கள் ஆகியோரும் இருந்தனர். ஊசி பெற்ற 2,179 பேரில் இருவருக்கு மட்டுமே தொற்று ஏற்பட்டது.

என் கவலையெல்லாம் கர்ப்பத்தடை மாத்திரையைப் பற்றியது. பலன் விரைவில் தெரிய வேண்டும் என்று இரண்டு மூன்றாக விழுங்கினால், அதிலுள்ள எத்தினில் ஈஸ்ட்ரடயால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். புகைப்பழக்கமும் இருந்தால் இன்னும் மோசம். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, அல்லது திடீர் மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிரெப் தொடங்கும் முன் எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள் அவசியம். பிறகு மூன்று மாதத்திற்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையிலுள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களே என்று தயங்கினால், எண்ணைச் சொல்லி அழைக்கும்படி முகப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.